பதின்மூன்று ஏ

அந்த லிஃப்டில் பதினான்கு கிடையாது.
பதின்மூன்றுக்கு அடுத்தது பதின்மூன்று ஏ,
அப்புறம் பதினைந்து.
சீனர்களுக்கு நாலு ஆகாதாம்.
செந்தூலில் அப்படியொரு கொண்டோ,
இல்லாத மாடியில் இறங்கினேன்
சட்டைப் பையில் மடித்த தாளோடு,
மைக் இல்லாமல்.

இருபத்திரண்டு வருஷம் மண்டபங்களில் கத்தியவன் நான்.
கிள்ளான், ரவாங், காஜாங்,
ஆயிரம் பேர் சாப்பிடும் சத்தத்துக்கு மேலே
"இதோ வருகிறார் மணமகள்" என்று
ஏற்றி ஏற்றித்
தொண்டையில் முடிச்சே விழுந்துவிட்டது.
அறுநூறு ரிங்கிட், சாப்பாடு தனி.
இவர்களிடம் எவ்வளவு கேட்பதென்று தெரியாமல்
கேட்கவே இல்லை.

"அண்ணே, மெல்லப் பேசுங்க.
பக்கத்து வீட்டுல ஆள் இருக்காங்க."
கதவைத் திறந்ததும் யோகமலர் சொன்னது அதுதான்.
மயில்கழுத்துப் பட்டு. சட்டையில் குத்தும் நர்ஸ் கடிகாரத்தை
முந்தானையில் குத்தியிருந்தாள், பழக்கத்தில்.
சர்வினா துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்கு வழி சொல்கிறவள்,
சோபா தூக்கியவர்களுக்கும் சொன்னாள்:
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்,
நிறுத்து.

பதினொரு பேர்.
செருப்புகளை வாசலில் விடாமல்
உள்ளே நாளிதழ் விரித்து அடுக்கியிருந்தார்கள்,
யாரும் எண்ணிவிடாதபடி.

தாளைப் பிரித்தேன்.
நாக்கு பழைய தடத்தில் தானாக ஓடியது:
"மணமகனும்..."
நின்றேன்.
யாரும் சிரிக்கவில்லை. ஃபேன் சுற்றியது.
அப்புறம் தேடாமலே வந்தது ஒரு சொல்,
எத்தனையோ பத்திரிகைகளில் வாசித்தது,
ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்க்காதது:
மணமக்கள்.
ஆணா பெண்ணா என்று விகுதி கேட்காமல்
இரண்டு பேரையும் உள்ளே விட்டுக்
கதவைச் சாத்திக்கொண்டது.

கெட்டி மேளத்துக்கு வழியில்லை.
கைபேசியில் நாதஸ்வரம்,
தலையணைக்கு அடியில் வாசிப்பதுபோல.
மோதிரம் எடுக்கிற நேரம்
பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தது.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது அடங்குவதற்குள் போட்டு முடித்தார்கள்.
அன்றைக்குச் சத்தமாக நடந்தது அது ஒன்றுதான்,
யார் வீட்டுப் பருப்போ வெந்தது.

பதிவகத்தில் இதற்குக் கட்டமில்லை.
நாள்காட்டியின் அன்றையத் தாளைக் கிழித்துப்
பின்பக்கம் எழுதினேன்: நேரம், இருவர் பெயர்.
எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்,
சியூ லிங் சீனத்தில்.
முன்பக்கம் இராகு காலம், பலன்கள்.
மீனம்: தடை.
யாருக்கு மீனம் என்று நான் கேட்கவில்லை.

"அப்பா கீழே கார்ல இருக்காரு," என்றாள் சர்வினா.
"சிரம்பான்லேர்ந்து கொண்டாந்து விட்டதே அவருதான்.
மேல வரமாட்டாரு."
ஒரு இலைப் பொட்டலத்தைக் கையில் வைத்தாள்.

அடித்தளத்தில் பழைய புரோட்டான்,
என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
கண்ணாடியைக் கால்வாசி இறக்கினார்.
பொட்டலம் நுழையவில்லை.
முழுக்க இறக்கினார்.

"முடிஞ்சிருச்சா?"
"முடிஞ்சதுங்க."
"சத்தமே கேக்கலியே."
"மாடி ரொம்ப மேலங்க."

ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தவர்
டேஷ்போர்டிலிருந்து ஓர் உறையை எடுத்தார்,
நான்கு மூலையிலும் மஞ்சள்.
"பேரு எழுதல. மைக்ல சொல்லிப்புடாதீங்க."
"மைக் இல்லீங்க."
"அப்ப ரெண்டு பேரையும்
என்னன்னு சொன்னீங்க?"

சொன்னேன்.
அவர் திருப்பிச் சொல்லவில்லை.
பாயசம் கசிந்து விரலில் ஒட்டியிருந்தது,
துடைக்கத் துணி தேடி, கிடைக்காமல்,
நக்கிக்கொண்டார்.

மேலே யோகமலர் உறையைப் பிரித்தாள்.
ஐந்நூற்று ஒன்று.
ஐம்பதுகள் கசங்கியிருந்தன.
அந்த ஒற்றை ரிங்கிட் மட்டும்
பேங்கில் கேட்டு வாங்கிய,
மடிப்பு விழாத புதுத் தாள்.